பல்லை இறக்கிய பிறகு

தையல் மெஷின் வாங்கினால் கூடவே ஒரு பாதமும் வரும். ஊசிக்கு இரண்டு பக்கமும் இரண்டு விரல் நீட்டியதுபோல் பிளந்திருக்கும் சின்ன இரும்புத் துண்டு. தையல் வகுப்பு நோட்டில் அதை 'அழுத்து பாதம்' என்று எழுதவைப்பார்கள். கடையில் 'ஃபுட்' என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். சிவகிரியில் (ஈரோட்டுப் பக்கத்துச் சிவகிரி அல்ல, ராஜபாளையத்துக்கும் வாசுதேவநல்லூருக்கும் நடுவே மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் சிவகிரி) நான் அறிந்த பல பெண்கள் அந்த ஒரே பாதத்தோடு ஆயுசைக் கழித்துவிடுகிறார்கள். பாவாடைக்கு, நைட்டிக்கு, தலையணை உறைக்கு அது போதும். எல்லாம் நேர்த்தையல்.

அது போதாமல் போகிற ஒரு வேலை உண்டு. பழஞ்சேலைகளை நாலைந்து மடிப்பாக அடுக்கி, மேலே நைட்டி வெட்டுத்துண்டுகளை ஒட்டுப்போட்டு, கைப்பிள்ளைக்கு ஒரு விரிப்புத் தைக்க உட்கார்கிறீர்கள். அடுக்குகள் நகராமலிருக்க ஊடே தையல் ஓட வேண்டும். நேர்கோடாக ஓட்டினால் அரைநாளில் முடியும். உங்களுக்கோ கொடி படர வேண்டும், நத்தை சுருள வேண்டும், போன கோடு வளைந்து திரும்பி வர வேண்டும். அதற்கு மெஷினின் பல்லை இறக்க வேண்டும். ஊசித்தட்டின் பிளவுகளில் ஏறி இறங்கித் துணியை ஒரே திசையில் தள்ளுகிற பல் அது. அது இறங்கிவிட்டால் துணி உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. ஊசி நிற்கிற இடத்தில் நிற்க, காகிதத்தை நகர்த்தி எழுதுவதுபோல நீங்கள் துணியை நகர்த்தலாம். வெளிநாட்டுத் தையல்காரிகள் இதற்கு ஃப்ரீ மோஷன் குவில்டிங் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

பல்லை இறக்கியதும் பாதம் குறுக்கே நிற்கும். பழைய பாதத்தையே விட்டுவைத்தால் அது அழுத்துகிற அழுத்தில் துணி அசையாது. கழற்றி வைத்துவிட்டு வெறும் ஊசியில் தைக்கலாம். இல்லையென்றால் இந்த வேலைக்கென்றே விற்கிற துள்ளும் பாதத்தை வாங்கி மாட்டலாம். கடையில் அதற்கு டார்னிங் ஃபுட் என்றும் எம்பிராய்டரி ஃபுட் என்றும் பேர். எதை மாட்டுவது?

கடைக்காரரிடம் கேட்டு முடித்துக்கொள்கிற சமாச்சாரமாகத் தெரியும். எனக்கு இது காவலைப் பற்றிய கேள்வி. பெண்ணுக்குக் காவல் வேண்டுமா, சுதந்திரம் வேண்டுமா என்று காலங்காலமாக நம்மிடம் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்குள் ஒரு புரட்டு இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதை இந்த இரும்புத் துண்டை வைத்துக் காட்ட முடியும் என்று நினைக்கிறேன். அதற்கு முதலில் தையல் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஊசி நூலோடு துணிக்குள் இறங்குகிறது. அடிமட்டம்வரை போய், இம்மியளவு மேலே ஏறும்போது ஊசியின் ஓரத்தில் நூல் சின்னக் கண்ணியாகத் தளர்கிறது. கீழே சுற்றிவரும் கொக்கி அந்தக் கண்ணியைப் பிடித்து, பாபினைச் சுற்றி இழுத்துப்போய், மேல்நூலையும் அடிநூலையும் பிணைக்கிறது. அந்த நொடியில் துணியும் ஊசியோடு ஒட்டிக்கொண்டு மேலே எழும்பினால் கண்ணி சரியாக விழாது. கொக்கி வெறுங்காற்றைப் பிடித்துவிட்டுப் போகும். தையல் தப்பும். ஆகவே ஊசி துணிக்குள் இருக்கிற அந்தச் சிறு நேரத்தில் யாராவது துணியைத் தட்டோடு பிடித்துக்கொள்ள வேண்டும். இது பாதத்தின் ஒரு வேலை.

இன்னொரு வேலையும் அது செய்கிறது. பல் துணியைத் தள்ள வேண்டுமென்றால் துணி பல்லின்மேல் அழுந்திக் கிடக்க வேண்டும். ஊசி வெளியே வந்த பிறகும், தையல் விழாத நேரத்திலும், பாதம் விடாமல் அழுத்துவது இதற்காகத்தான். எலியாஸ் ஹோவ் 1846ல் காப்புரிமை வாங்கிய மெஷினில் இந்தப் பல் கிடையாது. துணியை ஒரு தகட்டின் முள்களில் குத்தி மாட்டுவார்கள். தகடு போகிற தூரம்வரை தையல் விழும். பிறகு எடுத்து மறுபடி மாட்ட வேண்டும். 1854ல் ஆலன் வில்சன் காப்புரிமை பெற்ற பல்தான் ஏறி, தள்ளி, இறங்கி, திரும்பி வருகிற நான்கு அசைவுப் பல். இன்று நம் வீட்டு மெஷினில் ஓடுவது அதன் வாரிசு. நேராக, ஒரே அளவில், எவ்வளவு நீளமானாலும் தைக்கலாம் என்பது அதன் கொடை. சட்டைத் தொழிற்சாலைகளின் நீள நீளமான தையலெல்லாம் அதன்மேல்தான் ஓடுகிறது.

துணியைத் தையல் விழுகிற நேரத்தில் பிடித்துக்கொள்வது ஒன்று. ஒரே திசையில் நடத்திப்போவதற்காக எப்போதும் அழுத்தி வைத்திருப்பது மற்றொன்று. ஒரே இரும்பு இரண்டையும் செய்வதால் இரண்டும் ஒன்றென்று தோன்றிவிடுகிறது. பல் ஓடிக்கொண்டிருக்கும்வரை இந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் படாது. பல்லை இறக்கிப் பார்த்தால் படும்.

பிள்ளைப்பருவத்தில் தகப்பன் காப்பான், இளமையில் புருஷன் காப்பான், முதுமையில் மகன் காப்பான், ஆகவே பெண்ணுக்குத் தனித்து நிற்கிற உரிமை இல்லை என்கிறது மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம். இதை எதிர்த்து நாம் எவ்வளவோ பேசியாயிற்று. 'காப்பான்' என்பதிலிருந்து 'உரிமை இல்லை' என்பதற்குத் தாவுகிற அந்த 'ஆகவே'யைத்தான் நான் பார்க்கச் சொல்வேன். விழுந்தால் பிடிப்பது காவல். அதை வைத்துக்கொண்டு போகிற திசையையும் தீர்மானிப்பது அதிகாரம். இரண்டையும் ஒரே பாதத்தில் வைத்துத் தந்தார்கள்.

பெண்கள் விடுதிகளில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாயங்காலம் இருட்டுமுன் கேட்டைப் பூட்டுவார்கள். ஏன் என்றால், "ஒங்க பாதுகாப்புக்குத்தாம்மா." பஸ் ஸ்டாண்டிலிருந்து விடுதிவரைக்கும் தெருவிளக்கு எரிகிறதா என்று அந்தப் பாதுகாப்பு ஒருநாளும் விசாரித்ததில்லை. 2015ல் டெல்லியில் மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்', அதாவது கூண்டை உடை, என்ற பேரில் கிளம்பியது இந்த விடுதி நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்துத்தான். பாதுகாப்பே வேண்டாம் என்றா அந்தப் பிள்ளைகள் கேட்டார்கள்? விளக்கு வேண்டும், பஸ் வேண்டும், தொல்லை கொடுத்தவனை விசாரிக்கிற குழு வேண்டும், பூட்டு வேண்டாம் என்றார்கள்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு வழக்கு உண்டு. 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ பெண்களை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. மாநில அரசு நேரத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். அப்போதும் இரவு 10 முதல் காலை 5 வரை ஆகவே ஆகாது. (அதே இரவில் ஆஸ்பத்திரி வார்டுகளில் நர்ஸுகள் முழித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களை இருட்டிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.) 2000ஆம் வருடம் டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இரவு வேலைத் தடை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. சொன்னதோடு நிற்கவில்லை. இரவில் பெண்களை வேலைக்கு வைக்கிற ஆலை செய்து தர வேண்டியவற்றையும் எழுதியது: போக வர வாகனம், ஒருத்தியைத் தனியே விடாமல் கூட்டமாக வேலை, ஓய்வறை, பாலியல் தொல்லைக்குத் தடுப்பு. அழுத்துவதை எடுத்துவிட்டுப் பிடிப்பதை வைத்துக்கொண்ட தீர்ப்பு அது. அந்த நிபந்தனைகளை எந்தெந்த ஆலை மதிக்கிறது என்பது தனிக் கதை, இங்கே சொல்லி முடியாது.

அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு இன்னும் வேடிக்கையானது. ஓடிக்கொண்டிருக்கிற விசை இயந்திர பாகங்களைத் துடைக்கவும் எண்ணெய் போடவும் பெண்களையும் சிறுவயதினரையும் விடக் கூடாது என்று இரண்டு பேரையும் ஒரே வரியில் வைத்தது.

இனி துள்ளும் பாதம். அதைக் கையில் வாங்கிப் பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். அடியில் காசளவு வளையம், மேலே ஸ்பிரிங், பக்கத்தில் ஒரு கம்பிக் கை. மாட்டும்போது அந்தக் கை ஊசியை இறுக்குகிற ஸ்க்ரூவின்மேல் உட்கார வேண்டும். ஊசி மேலே ஏறும்போது ஸ்க்ரூ அந்தக் கையைத் தூக்கும், பாதமும் கூடவே எழும்பும். ஊசி கீழே இறங்கும்போது ஸ்பிரிங் பாதத்தைத் துணியின்மேல் அமுக்கும். தையல் விழுகிற அந்தக் கணம் மட்டும் பிடி. அது தாண்டியதும் விட்டுவிடும், துணி எந்தப் பக்கமும் போகலாம். நிமிஷத்துக்குப் பல நூறு தடவை பிடித்துப் பிடித்து விடுகிறது. எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை.

இப்படிச் சொன்னால் துள்ளும் பாதத்தை வாங்குங்கள் என்று சொல்லி முடித்துவிடலாம்போல் இருக்கிறது. ஆனால் வெறும் ஊசிக்காரிகளின் கட்சியையும் கேட்க வேண்டும்.

எங்கள் பக்கம் ப்ளவுஸுக்கு மெஷின் எம்பிராய்டரி போடுகிற பெண்கள் பாதத்தைக் கழற்றிவிட்டுத்தான் போடுகிறார்கள். ஆரி வேலை ஊரெல்லாம் பரவும் முன்பிருந்தே சாதாரணக் கறுப்பு மெஷினில், பாதம் இல்லாமல், மயிலும் மாங்காயும் போட்டவர்கள் அவர்கள். பாதம் மாட்டிக்கொண்டு பூப்போடுகிறவளை அவர்கள் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள். "கால கழத்திட்டுப் போடுதவதான்ளா கைகாரி" என்று என் மதினி ஒருத்தி சொல்வாள். அதில் நியாயம் இருக்கிறது. பாதம் இல்லாவிட்டால் ஊசி விழுகிற இடம் மறைவில்லாமல் தெரியும். ஊசிக்குச் சமானமாகக் கை போகும்.

ஆனால் அவர்கள் மடியில் ஒரு வளையம் இருக்கிறது. துணியை வளையத்தில் மேளத்தோல் மாதிரி இழுத்து மாட்டியிருப்பதால் அது ஊசியோடு எழும்பாது. பாதம் செய்கிற வேலையை வளையம் செய்கிறது. லீவரும் அப்படித்தான். பாதத்தைக் கழற்றிய பிறகும் லீவரை இறக்கித்தான் தைக்க வேண்டும். லீவர் மேலே நின்றால் டென்ஷன் தட்டுகள் நூலை விட்டுவிடும், துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு கட்டிவிடும். பாதமே இல்லாத இடத்தில் எதை இறக்குகிறோம் என்று புதிதாகப் பழகுகிறவர்கள் கேட்பார்கள். பிடிப்பைத்தான் இறக்குகிறோம்.

காற்றைக் கிழித்துப் பறக்கிற புறா, காற்று தடுக்கிறதே, காற்றே இல்லாத வெளியில் இன்னும் லேசாகப் பறக்கலாமே என்று நினைக்கக்கூடும் என்று இம்மானுவேல் காண்ட் 1781ல் வந்த தம் புத்தகத்தில் ஓர் உவமை எழுதினார். அவர் பேசியது அறிவைப் பற்றி. நான் அதை எம்பிராய்டரி வளையத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். எந்தப் பிடியும் இல்லாமல் தைக்கிறேன் என்று ஒருத்தி சொன்னால், எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அவளுடைய மடியைப் பார்க்க வேண்டும். நம்மிடையே 'நான் யாரையும் நம்பி இல்லை' என்று சொல்கிறவர்களின் வீட்டில் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிறது யார் என்றும் பார்க்கலாம். பெரும்பாலும் இன்னொரு பெண். ஓர் அம்மா, ஒரு மாமியார், மாதச் சம்பளத்துக்கு வருகிற ஓர் அக்கா.

விரிப்புத் தைக்கும்போது வளையம் உதவாது. நாலைந்து அடுக்கு, நடுவில் பஞ்சு அல்லது சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி மடிப்பு, இதை வளையத்துக்குள் திணிக்க முடியாது, திணித்தாலும் சாண் தைத்ததும் கழற்றி நகர்த்த வேண்டும். அதனால் இரண்டு கையையும் ஊசிக்கு இருபுறமும் விரித்து வைத்து, துணியை விலக்கி அமுக்கி, கையையே வளையமாக்கிக்கொள்கிறோம். கை வளையமானால் விரல் ஊசிக்குப் பக்கத்தில் வருகிறது. ஊசி விரலுக்குள் இறங்கியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதலில் வலிக்காது, மெஷின் நின்றுவிடும், சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றி ஊசியை வெளியே எடுக்கும்போதுதான் உயிர் போகும். துள்ளும் பாதத்தின் வளையம் ஊசியைச் சுற்றி ஒரு சின்ன வேலி. விரல் முதலில் அதில்தான் இடிக்கும்.

இங்கேதான் கேள்வி கடினமாகிறது. ராஜபாளையம் பக்கத்துத் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற தொழில் பெரிதாக நடக்கிறது. வெட்டிய துணியைக் கட்டாக வாங்கிப்போய் வீட்டில் தைத்துத் தருகிற பெண்கள் சுற்றுவட்டாரமெங்கும் இருக்கிறார்கள். கூலி உருப்படிக்கு இவ்வளவு என்று. பீஸ் ரேட்டில் தைக்கிறவளுக்கு ஊசிக்கு முன்னால் நிற்கிற எதுவும் காசு. விரல்காப்பு மாட்டியிருந்தால் துணியை நுழைக்க ஒரு நொடி கூடுதல். நாளுக்கு எத்தனை நொடி? கழற்றிவிடுகிறாள். பெரிய ஏற்றுமதி ஆலைகளில் சோதனைக்கு ஆள் வருகிற அன்று மாட்டி மறுநாள் கழற்றுவதும் நடக்கிறது. விரலில் ஊசி இறங்கினால் "அவளாத்தான கழத்துனா?" என்பார்கள். அது அவள் தேர்வு. பெண் தன் விருப்பத்தால் செய்ததை நாம் மதிக்க வேண்டாமா?

யான் எல்ஸ்டர் என்கிற தத்துவக்காரர் 1983ல் எழுதிய புத்தகத்துக்கு 'புளித்த திராட்சை' என்று பேர் வைத்தார். சீச்சீ இந்தப் பழம் புளிக்கும் என்ற நரிதான். கிடைக்காததை வேண்டாம் என்று மனசு தானே திருத்திக்கொள்கிறது என்பது அவர் சொன்னது. பெண்ணியவாதிகள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், சிலர் அளவுக்கு மீறியும்: தனக்கு எது நல்லது என்றே தெரியாத அப்பாவி என்று ஏழைப் பெண்ணை ஆக்கிவிடுகிற அளவுக்கு. விரல்காப்பைக் கழற்றுகிறவளுக்கு விரல் எதற்கு என்று தெரியும். அவள் விருப்பம் வளைந்துபோகவில்லை. அவள் கணக்குச் சரி. கணக்கில் கொடுத்திருக்கிற எண்தான் தப்பு. உருப்படிக் கூலியை யார் வைத்தாரோ அவரே அந்தக் காப்பைக் கழற்றினார் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அவள் கை ஸ்க்ரூவைத் திருகியது, அவ்வளவுதான். வீட்டில் தைப்பதால் தொழிற்சாலைச் சட்டமும் அவள் வாசற்படி ஏறாது. அவள் திண்ணை ஆலையாகாது.

ஆக, வெறும் ஊசியைக் கைவல்லமை என்று கொண்டாடுவதற்கு முன்னால் அது எந்த மெஷின், எந்தக் கூலி என்று கேட்க வேண்டியிருக்கிறது. எம்பிராய்டரிக்காரி கழற்றுவதும் நைட்டிக்காரி கழற்றுவதும் பார்க்க ஒரே செய்கை. ஒருத்தி கழற்றியது தன் கோட்டுக்காக. மற்றவள் கழற்றியது இன்னொருவர் கட்டுக்காக.

மெஷின் யார் கொடுத்தது என்பதும் இதில் சேரும். இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தி தையல் மெஷினுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தார். 1924ல் ஒரு மாணவரோடு பேசும்போது, மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்த சிங்கர் அவள்மேல் வைத்த அன்பினால் இதைக் கண்டுபிடித்தார் என்றார். அழகான கதை. நிஜத்தில் ஐசக் சிங்கர் பாஸ்டன் பட்டறையில் பழுதுக்கு வந்த வேறொருவருடைய மெஷினைத் திருத்திக் காசு பார்க்க 1851ல் காப்புரிமை வாங்கியவர். ஒரே நேரத்தில் பல குடும்பங்கள் வைத்திருந்தவர், இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தகப்பன். எந்த மனைவியின் கைவலியைப் பார்த்தாரோ தெரியவில்லை. மெஷின் என்றாலே ஓர் ஆண் ஒரு பெண்ணுக்கு இரங்கிக் கொடுப்பது என்ற கதை மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது.

நம் அரசுக்கும் ஒரு திட்டம் உண்டு, சத்தியவாணி முத்து அம்மையார் பேரில். விதவைகளுக்கும் கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏழைப் பெண்களுக்கும் இலவசத் தையல் இயந்திரம். அந்த மெஷினால் சோறு கண்ட வீடுகள் பல. நான் அதைக் குறை சொல்லமாட்டேன். விண்ணப்பிக்கிற பட்டியலில் புருஷன் செத்ததும் விட்டுப்போனதும் முதலில் வருவதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். பெண்ணுக்கு மெஷின் வருவது ஆண் இல்லாத குறையை ஈடுகட்ட. அப்படி வருகிற மெஷினில் சோற்றுக்கான பாதம் இருக்கும். நத்தை சுருளுவதற்கான பாதம் எதற்கு?

அதனால்தான் அந்த இரண்டாவது பாதத்தை வாங்குவது எனக்குச் சாதாரணமாகத் தெரியவில்லை. அது கூலிக்கு உதவாது. நேர்த்தையலுக்குக் காசு உண்டு, அலைகிற கோட்டுக்கு இல்லை. எங்கள் ஆச்சி பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டபோது அது வேலையாகவும் இல்லை, பொழுதுபோக்காகவும் இல்லை. 'சும்மா இருக்கப்ப' செய்தது என்பாள். அவள் சும்மா இருந்ததை நான் பார்த்ததில்லை. அமெரிக்காவின் அலபாமாவில் கறுப்பினப் பெண்கள் பழந்துணியில் தைத்த விரிப்புகளை விற்க 1966ல் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற கூட்டுறவை ஆரம்பித்தார்கள். கெட்டியாகக் காசு கண்ட பிறகுதான் அதுவரை தைத்ததும் வேலை என்று ஊர் ஒப்புக்கொண்டது.

கடைக்குப் போனால், "டெய்லர் வரலையாம்மா?" என்று கேட்பார்கள். நம் மெஷினுக்கு நாமே பாகம் கேட்கிறோம் என்பது அவர்கள் காதில் விழ இரண்டாவது தடவை சொல்ல வேண்டும். கையோடு பழைய பாதத்தைக் கழற்றி எடுத்துப் போங்கள். மாட்டுகிற ஸ்க்ரூவிலிருந்து தட்டுவரை உயரம் முக்கால் அங்குலம் இருந்தால் குட்டைத் தண்டு. நம் வீட்டுக் கறுப்பு மெஷின்களில் பெரும்பாலும் அதுதான். ஒன்றேகால் அங்குலம் என்றால் நெட்டைத் தண்டு. ஒன்றுக்கு ஒன்று சேராது. கம்பெனிப் பேர் பார்க்க வேண்டியதில்லை, தண்டு பொருந்தினால் போதும். விலை, முகூர்த்த நாளில் சங்கரன்கோவில் சந்தையில் ஒரு கல்யாண வீட்டுக்கு எடுக்கிற பூ விலைகூட வராது.

வளையத்திலும் இரண்டு தினுசு. முழுவட்டமாக மூடியது, முன்பக்கம் திறந்தது. ஒட்டுப்போட்ட துண்டுகளின் ஓரம் எழும்பி நின்றால் திறந்த வளையம் அதில் மாட்டிக்கொள்ளும். மூடியது வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் முன்னால் போட்ட கோட்டின்மேல் திரும்பி வர வேண்டுமென்றால் ஊசிமுனை தெரிந்தாக வேண்டும், அதற்குத் திறந்ததுதான். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் வருகிறது சமரசம். கீறல் விழுந்து மங்கும்வரை நன்றாக இருக்கும். பழகுகிற பெண்ணுக்கு மூடியதே கொடுங்கள் என்பார்கள், பாதுகாப்பு என்று. எங்கே குத்தப்போகிறது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு தருகிற பாதுகாப்பில் எனக்கு நம்பிக்கை குறைவு. விரலைக் காக்கிற வேலியாக இருக்கட்டும், கண்ணை மறைக்க வேண்டாம். நான் திறந்ததை வாங்கினேன்.

ஒரு தோழி இதைப் படித்துவிட்டு, துள்ளினாலும் பாதம் பாதம்தானே, நல்ல காவல் என்று ஒன்றை ஒப்புக்கொண்டால் அதே ஸ்க்ரூவில் நாளைக்குப் பழையது வந்து உட்காராதா என்று கேட்டாள். உட்காரும். பல விடுதிகளில் விளக்கும் பஸ்ஸும் கேட்டு வாங்கிய பிறகு, 'அதான் எல்லாம் பண்ணியாச்சே' என்று நேரத்தை இன்னும் முன்னுக்கு இழுத்திருக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவர் யார் டிராயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. என்னிடம் இதற்குமேல் உறுதியான பதில் இல்லை. வெறும் ஊசியை வைத்துக்கொண்டால் மட்டும் அந்த ஆபத்து போய்விடும் என்றும் நான் நினைக்கவில்லை. அப்போது காவல்காரன் இருக்கமாட்டான், காயம் இருக்கும். காயத்தைக் காட்டிக் காவல்காரன் திரும்பி வருவான்.

பல் இறங்கிய பிறகு இன்னொன்று நடக்கும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதுவரை தையலின் நீளத்தை மெஷின் பார்த்துக்கொண்டது. இனி அது உங்கள் கையும் காலும் போட்டுக்கொள்கிற ஒப்பந்தம். கால் வேகமாக மிதித்து, கை மெல்ல நகர்ந்தால் பொடித்தையல், நூல் மேலே மேலே குவியும். கை ஓடிக் கால் தங்கினால் பல்லிளிக்கிற நெட்டைத் தையல், போதாததற்கு ஊசி வளைந்து தட்டில் இடித்து ஒடியும். மெஷினின் பாதத்தைப் பற்றி இவ்வளவு பேசினோம். மிதிப்பலகையின்மேல் இருக்கிற நம் பாதம்தான் வேகத்தைத் தருகிறது. மோட்டார் மாட்டியவர்களுக்கு அது ஒரு விரலமுக்கு. மிதி மெஷின்காரிகளுக்கு முழங்காலும் கெண்டைச்சதையும். ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவிலில் பெண்கள் 'ஆடிச்சுற்று' சுற்றுவார்கள், நூற்றுக்கு மேல் சுற்று. ஒற்றைக்காலில் தவம் நிற்கிற கோமதியம்மனின் கால்வலியை அப்படிச் சுற்றி வாங்கிக்கொள்வதாக நம்பிக்கை. பக்தி எனக்கு அவ்வளவு போதாது. ஆனால் நின்றே இருக்கிற ஒருத்தியின் கால் வலிக்குமே என்று யோசித்து, அதைப் பங்கு போட்டுக்கொள்ளக் கிளம்பிய அந்த முதல் பெண்ணை எனக்குப் பிடிக்கும். அம்மனை உட்காரச் சொல்லவில்லை அவள். தவத்தை விடு என்றும் சொல்லவில்லை.

பாதத்தை மாட்டியதும் நல்ல துணியில் ஆரம்பிக்க வேண்டாம். அடுக்கின் கனத்திலேயே ஒரு வெட்டுத்துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பல்லை இறக்குகிற ஸ்க்ரூவோ குமிழோ உங்கள் மெஷினில் இல்லையென்றால் தையல் நீளத்தைச் சுழியத்தில் வையுங்கள், பல் நின்ற இடத்தில் ஏறி இறங்கும், தள்ளாது. கம்பிக் கை ஊசி ஸ்க்ரூவின்மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். லீவரை இறக்குங்கள். அடிநூலை மேலே இழுத்து இரண்டு நூலையும் பிடித்துக்கொண்டு நாலு விரற்கடை தைத்துவிட்டு, துணியைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் வளைவுகளில் அடிநூல் நேராக நரம்பு மாதிரிக் கிடந்தால் கை காலைவிட ஓடுகிறது. கையைக் குறையுங்கள், இல்லாவிட்டால் காலைக் கூட்டுங்கள்.